நிமிர்த்தாத பொம்மை

அன்புள்ள குழந்தைக்கு,

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று இன்று காலை முடிவுசெய்தேன், அதனால் எழுதுகிறேன். நீ சௌகரியமாக இருக்கிறாய் என்பதை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் அம்மா போனை வைத்த கையோடு அடுப்பைப் பார்த்து உரக்கச் சொல்கிறாள், எனக்குத்தான் சொல்கிறாள் என்று எனக்கும் தெரியும், அடுப்புக்கும் தெரியும். இங்கே நாங்களும் சௌகரியமே. அம்மாவின் வலது முழங்கால் மட்டும் படி ஏறும்போது தகராறு செய்கிறது, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னார், அவள் டாக்டரை மாற்றிவிட்டாள். உன் அக்காவின் சின்னது நடக்க ஆரம்பித்துவிட்டது, இங்கே வந்தால் நேராக என் செருப்பைத் தேடிப் போய்க் கடிக்கிறது. குளியலறைச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, மேல்வீட்டுக் குழாய்தான் காரணம் என்று பிளம்பர் சொன்னான், எங்கள் சுவர்தான் சரியில்லை என்று மேல்வீட்டுக்காரர் சொன்னார், அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். நான் பேச்சை நிறுத்தியவர்களை நிற்க வைத்தால் தெருமுனை வரை வரிசை போகும் என்பாள் உன் அம்மா. அந்த வரிசையில் நீயும் நின்றாய், அதை மறைத்துப் பிரயோசனமில்லை.

இனிமேல் நான் உங்கள் மகள், எப்போதும் மகளாகத்தான் இருந்தேன் என்று நீ போனில் சொன்ன அன்று நான் என்ன பேசினேன் என்பது உனக்கு நினைவிருக்கும், ஏனென்றால் நான் எதுவுமே பேசவில்லை. அம்மாவிடம் பேசு என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். அவள் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள், அதை நீ அறியாமல், "அப்பா எப்பவுமே இப்படித்தாம்மா, பார்க்கவே மாட்டார்" என்றாய். மற்றதை எல்லாம் ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக ஜீரணித்துக்கொள்ளலாம், இரண்டே வாரத்தில் உன் அம்மா "ஏன்டி, சாப்பிட்டியா" என்று உன்னைக் கேட்பதை நான் அடுத்த அறையிலிருந்து கேட்டேன், அவளுக்கு அவ்வளவு சுலபமாக வந்தது, எனக்கும் கேட்கக் கேட்கப் பழகிவிட்டது. பார்க்கவே மாட்டார் என்ற அந்த ஒரு வாக்கியம் மட்டும் உள்ளே இறங்கவே இல்லை. உடம்புகளைப் பார்ப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யாத ஒருவனைப் பார்த்து நீ பார்க்கவே மாட்டாய் என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? நான் கோபித்துக்கொண்டேன். உன் அத்தை வேறு அந்தச் சமயம் பார்த்து வந்து, "அண்ணனுக்குப் பொம்மை செய்யத் தெரிஞ்ச அளவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியலை" என்று என் வீட்டில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாள். அவளும் வரிசையில் சேர்ந்தாள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ உன் கண்காட்சிச் சிற்பங்களைப் பற்றி எழுதிய குறிப்பில் அதை வேறு மாதிரி எழுதியிருக்கிறாய். சிற்பக் கலையில் முதல் வகுப்பில் தேறியவன், ஒரு வருடம் மட்டும் என்று சொல்லிக்கொண்டு துணிக்கடைப் பொம்மை செய்கிற கம்பெனியில் சேர்ந்தேன், அந்த ஒரு வருடம் இன்னும் முடியவில்லை. என்னோடு படித்தவன் ஒருவன், தாடி என்றுதான் கூப்பிடுவோம், அவனுக்குக் கழுத்தெலும்பு எங்கே ஆரம்பிக்கிறது என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன், அவன் இன்று எல்லாக் கண்காட்சிகளையும் திறந்து வைக்கிறான். அது என் தனிக் கணக்கு, அதை விடு. போன மாதம் உன் அம்மா நீ அனுப்பிய படத்தையும் அதோடு இருந்த குறிப்பையும் எனக்கு முன்னால் வைத்துவிட்டுக் கொடியில் காய்கிற துணியை எடுக்கிற சாக்கில் போய்விட்டாள். ஏழு பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. முதலாவது கடைகளில் சட்டை மாட்டி வைக்கிற பையன் பொம்மை, எங்கள் கம்பெனிச் சரக்கு. இரண்டாவதிலிருந்து அதே பொம்மைமேல் களிமண் ஏற ஏற ஏழாவதில் ஒரு பெண் ஆகிறது. பக்கத்தில் நீ நிற்கிறாய். குறிப்பில், இது என் பதினோராம் வயது உடம்பு, ஒரு தொழிற்சாலை அச்செடுத்து ஆயிரம் கடைகளுக்கு விற்றது, நேராக நில் என்று சொல்லிச் சொல்லியே என்னை அதில் வார்த்தார்கள், ஒரு நாள்கூட நான் நானாக நின்றதில்லை என்று எழுதியிருந்தாய். தொழிற்சாலையாம். அச்செடுத்தது யார் கை? பிளாஸ்டர் ஒட்டாமலிருக்க உன் முழங்காலில் வாசலைன் தடவியது எந்தத் தொழிற்சாலை? படத்தைத் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். "நல்லாருக்கா இல்லையா, அதையாவது சொல்லுங்க" என்று கேட்டாள் அம்மா. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பழிவாங்குகிற மாதிரிதான் அவள் என்னை அடுத்த வாரம் இங்கே நடந்த கண்காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "நம்ம பிள்ளை செய்யறது என்ன ரகம்னு நாமளும் தெரிஞ்சுக்க வேண்டாமா, நீங்க கொஞ்சம் விளக்குங்க, படிச்சவர்தானே" என்றாள். எல்லாரும் உன் வயதுக்காரர்கள், எல்லாருக்கும் உடம்புதான் விஷயம். ஒரு பெண் தன் வயிற்றில் ஆபரேஷன் தழும்பு இருக்கிற இடத்தை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பில் சிவப்பு நூலால் தைத்து மாட்டியிருந்தாள், தையல் நேர்த்தியாக இருந்தது, அம்மா கிட்டப் போய் முடிச்சு எங்கே என்று தேடினாள். ஒரு பையன் மீசை வைத்தும் எடுத்தும் தன்னையே எடுத்த படங்களை ஒரு சுவர் முழுக்க ஒட்டியிருந்தான், அது சோம்பேறித்தனம், சுவரை நிரப்புவது ஒரு யோசனை ஆகாது, நீயும் இதைக் கவனத்தில் வைத்துக்கொள். நடுவில் தாடி மைக்கைப் பிடித்து உடல் ஒரு போர்க்களம், உடலரசியல், பால் அடையாளத்தின் சிதறல் என்று ஆரம்பித்தான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டே பேசினான். "போர்க்களம் இருக்கட்டும், இவருக்கு யாராவது தைலம் வாங்கிக் குடுங்கப்பா" என்றாள் உன் அம்மா, பக்கத்தில் நின்ற பெண் சிரித்ததில் தாடி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டான். எனக்கு அன்றைய பொழுது அதிலேயே நிறைந்துவிட்டது.

ஆனால் கடைசி அறையில் ஒன்று இருந்தது. படம் இல்லை, பொருள் இல்லை, கறுப்பு உடை போட்ட ஒரு சின்ன வயது ஆள் மட்டும் வெறும் தரையில் நின்றுகொண்டிருந்தது, ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் அது தெரிய வேண்டியதாகவும் இல்லை. எதிரே யார் போய் நின்றாலும் அவர்கள் நிற்கிற மாதிரியே அந்த ஆள் நிற்கும், அவ்வளவுதான் வேலை. வாட்ச்மேன் போய் நின்றார், கைத்தடி இல்லாமலே கைத்தடி ஊன்றிய வாட்ச்மேன் ஒருவர் அங்கே உண்டானார். கைக்குழந்தைக்காரி போனாள், இடுப்பு தானாக வளைந்து இல்லாத குழந்தையைத் தாங்கியது. அம்மா என்னைப் பிடித்துத் தள்ளினாள். நான் நின்றேன். என் எதிரே தோள் இரண்டும் முன்னால் குவிந்து, கை பின்னால் போய் ஒரு மணிக்கட்டை இன்னொரு கை பிடித்திருக்க, மோவாய் யாரையோ வழக்குக்கு இழுக்கிற மாதிரி தூக்கியிருக்க ஒரு கிழவன் நின்றான். எனக்கு அவ்வளவு வயதாகவில்லை. "அச்சு அசல், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா வர்ற மூஞ்சிகூட அப்படியே" என்றாள் அம்மா. முகத்தில் சாயல் எதுவும் இல்லை, நிறம் இல்லை, வயது இல்லை, நிற்கிற நிலை ஒன்றை வைத்தே என்னைச் செய்துவிட்டார்கள். நானும் இத்தனை வருடம் இதைத்தான் செய்கிறேன், ஆனால் யாரும் என்னை எடுத்து எனக்குக் காட்டியதில்லை.

மறுநாள் கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உன் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் கேட்டேன். ஏன் என்று கேட்காமல் அனுப்பினாள், அவளுக்குக் கெட்டிக்காரத்தனம் அதிகம். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஏழு பொம்மைகளையும் பார்த்தேன், பிறகு பக்கத்தில் நிற்கிற உன்னைப் பார்த்தேன். நீ வலது காலில் பாரம் வைத்து, இடது முழங்காலை லேசாக மடக்கி, வலது இடுப்பு மேலேறி, அதற்கு ஈடாக வலது தோள் இறங்கி, இடது மணிக்கட்டு வெளியே திரும்பியிருக்க நிற்கிறாய். யாரும் நிற்கச் சொல்லி நிற்கவில்லை, படம் எடுப்பதுகூட உனக்குத் தெரிந்திருக்காது. உனக்குப் பக்கத்தில் ஏழு பொம்மைகளுக்கும் இடுப்பு ரசமட்டம் வைத்துப் பார்த்த மாதிரி நேராக இருக்கிறது. ஏழாவதுக்கும் அப்படியே. போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நீ அம்மாவிடம், "கடைசி ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குதும்மா, எவ்வளவு மண் வெச்சாலும் வேற யாரோ மாதிரி நிக்குது, இன்னும் ஒரு மாசத்துல திறப்பு, பேசாம எல்லாத்தையும் எடுத்துடலாமான்னு இருக்கு" என்று அழாத குரலில் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஏன் வரவில்லை என்று எனக்கு அந்த நிமிஷம் விளங்கியது. நீ மண் வைத்தது உன்மேல் இல்லை. அந்தப் பையன் நீ இல்லை.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. உனக்குப் பதினொரு வயதில், கம்பெனியில் உன்னை நிற்க வைத்து பிளாஸ்டர் துணி சுற்றினோம், கழுத்துக்குக் கீழேதான், தலை வேறு பொம்மையுடையது. பிளாஸ்டர் இறுகுகிற வரைக்கும் அசையாமல் நிற்க வேண்டும், அதற்கு ஒரே வழிதான் உண்டு, ஆளை அவருக்கு எப்படிச் சௌகரியமோ அப்படி நிற்க விட்டுவிட வேண்டும். வேறு யாரோ சொல்லிக் கொடுத்த நிலையில் எந்த மனிதனாலும் அவ்வளவு நேரம் நிற்க முடியாது, நடுங்கும், சரியும், அச்சு விரிசல் விடும். எனக்குத் தெரிந்த ஒரே சத்தியம் அதுதான், கல்லூரியில்கூட அதைச் சொல்லித் தரவில்லை. அதனால் நான் உன்னிடம், "உனக்கு எப்படி நின்னா கால் வலிக்காதோ அப்படி நில்லு, அப்பா பார்த்துக்கறேன்" என்றேன். "நேரா நிக்கச் சொல்லுய்யா பையனை" என்று கத்தியது வாசலில் நின்ற முதலாளி. உனக்கு அந்தக் குரல் மட்டும் நினைவில் தங்கிவிட்டது, அதை யார் குரல் என்று வைத்துக்கொண்டாய் என்பதையும் உன் குறிப்பைப் படித்தால் தெரிகிறது. நீ நேராக நிற்கவில்லை. வலது காலில் பாரம் போட்டு, இடுப்பை ஏற்றி, மணிக்கட்டைத் திருப்பி நின்றாய், பிளாஸ்டர் சில்லென்று பட்டதும் சிரித்தாய், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறதனாலேயே உப்புத்தாள் என்று நாங்கள் கூப்பிடுகிற ஆள் உனக்கு ஏதோ பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்தான். நான் எடுத்தது அந்த நிலையைத்தான். ஒரு இழை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முதல் பொம்மையை வார்த்து, வர்ணம் அடித்து, பள்ளிச் சீருடைக் கடைக்கு மாதிரிக்கு அனுப்பினோம். திரும்பி வந்துவிட்டது. சட்டை ஒரு பக்கம் தூக்குது, நிஜார் மடிப்பு கோணலா விழுது என்று கடைக்காரர் புகார். முதலாளி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "என்னய்யா இது, பையன் செய்யச் சொன்னா பொண்ணு மாதிரி ஒய்யாரமா நிக்க வெச்சிருக்கே" என்றார். அந்த உடம்பு அப்படித்தான் நிற்கிறது, நான் பார்த்ததைத்தான் எடுப்பேன் என்றேன். "நீ பார்த்ததை நான் யார் தலையில விக்கிறது" என்றார் அவர். நான் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், அந்த வருடச் சம்பள உயர்வு எனக்கு மட்டும் வரவில்லை, அதையும் நான் மறக்கவில்லை. பிறகு உப்புத்தாளைக் கூப்பிட்டு இன்னொரு வார்ப்பின் இடுப்பை ரம்பத்தால் அறுத்து, ஆப்பு வைத்து, சமமாக்கி, பட்டி பூசித் தேய்த்து, மணிக்கட்டையும் உள்ளே திருப்பி ஒட்டி, அதிலிருந்து புதிதாக அச்செடுத்தார்கள். உப்புத்தாள் மேல் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் அவன் என் முகத்தைப் பார்க்காமல்தான் அறுத்தான். ஆயிரம் கடைக்குப் போனது அந்த அறுத்து நிமிர்த்தியது. நீ கடைகளில் வாங்கி வரிசையாக நிறுத்தியிருப்பதும் அதுதான். உன் உடம்பு என்று ஊரில் விற்றுக்கொண்டிருப்பது முதலாளிக்குப் பிடித்த ஏதோ ஒரு பையனின் இடுப்பு.

எனக்கு அன்று என்ன பார்த்தேன் என்று தெரியவில்லை, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை, அதற்குப் பெயர் வைத்துக் கூப்பிட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தாடிக்கு வேண்டுமானால் தெரிந்திருக்கும். ஆனால் கை பார்த்தது, சரியாகப் பார்த்தது. நேற்று மேல் கிடங்குக்குப் போய், உடைந்த கைகளும் மொட்டைத் தலைகளும் குவித்து வைத்திருக்கிற மூலையில், திரும்பி வந்த அந்த முதல் பொம்மையைத் தேடி எடுத்தேன். தூசி தட்டி வெளிச்சத்தில் நிறுத்தினேன். உப்புத்தாள் சாப்பிட்டுவிட்டு மேலே வந்தவன், கை கழுவிய ஈரத்தோடு அப்படியே நின்று, "சார், இது நம்ம பாப்பா நிக்கிற மாதிரியே இருக்கே" என்றான். உன் அம்மா அவன் மனைவிக்கு உன் படங்களை எல்லாம் காட்டியிருக்கிறாள் போலிருக்கிறது, எனக்குச் சொல்லவில்லை. ஆமாம், என் மகள்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? பதினொரு வயதில் என் மகள் நின்ற நிலை அது. ஒரு நாள்கூட நான் நானாக நின்றதில்லை என்று எழுதியிருக்கிறாயே, நின்றாய். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றாய். சாட்சி இருக்கிறது, கால் கட்டைவிரலில் லேசாகப் பெயிண்ட் உரிந்திருக்கிறது, மற்றபடி பழுதில்லை.

அதை அனுப்பிவைக்கிறேன். உப்புத்தாளே பெட்டி அடித்துக் கொடுத்தான், கூலி வேண்டாம் என்றான், நான் வற்புறுத்தவில்லை. இடுப்பில் இரண்டாகக் கழலும், கைகளைத் தனியாகச் சுற்றியிருக்கிறது, மாட்டும்போது அமுக்கித் திருகாதே, மேலே தூக்கிச் செருகினால் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும். திறப்புக்கு முன்னால் வந்து சேரும் என்று சரக்கு ஆபீஸில் சொன்னார்கள், அவர்கள் சொல்வதை நம்பாமல் நீயும் விசாரி. வரிசையில் முதலில் வைப்பாயா, கடைசியில் வைப்பாயா, மற்ற ஏழையும் தூக்கி எறிந்துவிட்டு இதை மட்டும் நிறுத்துவாயா, அது உன் இஷ்டம், நான் யோசனை சொல்லப் போவதில்லை. மண் வைப்பதற்கு முன்னால் ஒரு தடவை சுற்றி வந்து பார், அவ்வளவுதான். சுவரில் எழுதுகிற குறிப்பில் தொழிற்சாலை என்று எழுதினாயானால் எனக்குக் கெட்ட கோபம் வரும். என் பெயரையும் எழுத வேண்டாம். எழுதச் சொல்லிக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், இந்தக் கடிதத்தின் முதல் பிரதியில் அதைத்தான் கேட்டிருந்தேன், கிழித்துவிட்டேன். என் பெயர் போட்டால் அது நான் செய்த பொம்மை ஆகிவிடும். நீ நின்றாய், நான் துணி சுற்றினேன்.

உன்மேல் கோபம் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது ஸ்பீக்கர் போட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொள். ஃபைபரைத் தேய்க்கும்போது முகமூடி போடு, கைக்குட்டை கட்டிக்கொண்டால் போதும் என்று இருந்துவிடாதே, என் இருமலைக் கேட்டிருக்கிறாய். வேளைக்குச் சாப்பிடு. அம்மாவின் முழங்காலைப் பற்றி நீயே அவளிடம் கேள், நீ கேட்டால் பழைய டாக்டரிடமே போவாள். அக்கா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். எந்த ஊரில், யார் முன்னால் நின்றாலும் உனக்குக் கால் வலிக்காமல் நிற்க வாய்க்கட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும், கை வேலை ஓங்கட்டும்.

அம்மா வந்து எட்டிப் பார்த்து, "முடிச்சாச்சா, கையெழுத்தைப் போட்டுக் குடுங்க, நான் போற வழியில சேர்த்துடறேன்" என்கிறாள். அவளிடம் கொடுக்கப் போவதில்லை, நானே போகிறேன். கையெழுத்தும் போடப் போவதில்லை. நான் பார்த்தவனா, பார்க்காதவனா என்று பெட்டியைத் திறந்து நீ சொல்ல வேண்டும். அதைக் கேட்காமல் இந்தக் காகிதத்தின் அடியில் அப்பா என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இப்படியே மடித்து, உறையை ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன்.